ஊசி போட்ட பிறகு: தலைமை உரை



பேராதனையிலும் கண்டியிலும் எனக்குப் பாடம் சொன்னவர்கள் எதிரே அமர்ந்திருக்க, தலைமை நாற்காலியில் நான் இருப்பது பெருமைதான். கூச்சமும் இல்லாமல் இல்லை. தெல்தெனிய தாண்டி மஹியங்கனை வீதியின் வளைவுகளில் ஏறி ஹுன்னஸ்கிரிய வரை வந்திருக்கிறீர்கள். இங்குள்ள முழங்கால்கள் எப்படிப்பட்ட நிலத்தில் நடக்கின்றன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குத் தரப்பட்ட பொருள், ‘முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு ஊசி: இன்றைய நிலை’. அந்த நிலையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். 1951இல் ஹொலண்டர் மூட்டுக்குள் ஹைட்ரோகோட்டிசோன் செலுத்தியதை அறிவித்த நாளிலிருந்து நாமும் செலுத்தி வருகிறோம். 27 ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டுக் கொக்ரேன் மீளாய்வின்படி ஸ்டீரொயிட்டின் பலன் சில வாரங்களுக்குத்தான்; ஆறு மாதத்தில் அதன் சுவடே இல்லை. ஹயலுரோனிக் அமிலம் பற்றிய 169 ஆய்வுகளை அலசிய 2022ஆம் ஆண்டு மீளாய்வு, நோயாளி உணரத்தக்க அளவுக்கு வலி குறையவில்லை என்றது. குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் பிளாஸ்மா ஊசியை அவுஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, ஓராண்டு கழித்து அது சேலைனை வெல்லவில்லை. மீதியைப் பிற்பகல் அமர்வுகள் பார்த்துக்கொள்ளும்.

நான் பேச விரும்புவது யாரும் புரட்டாத ஒரு பழைய கட்டுரையைப் பற்றி. 1958இல் மில்லர், ஒயிட், நோர்ட்டன் மூவரும் பிரித்தானிய எலும்பு மூட்டு அறுவை மருத்துவ இதழில் எழுதியது. ஹைட்ரோகோட்டிசோனையும், அந்நாளில் செல்வாக்கோடிருந்த லக்டிக் அமிலத்தையும், மரப்பு மருந்தையும், சேலைனையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. ஒரு பிரிவினருக்கு எதையும் செலுத்தாத பாவனை ஊசி மட்டும் போட்டார்கள். பிரிவுகளுக்கிடையே சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

சேலைனைப் பற்றி என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் நெடுங்காலமாக ஒரு வாதம் வைத்திருக்கிறார். சேலைனும் மருந்துதான், மூட்டிலுள்ள அழற்சிப் பொருட்களை அது ஐதாக்குகிறது, ஆகவே அதோடு ஒப்பிடுவது மற்ற ஊசிகளுக்கு அநீதி என்பார். கெட்டிக்கார வாதம். ஆனால் பாவனை ஊசி எதை ஐதாக்கியது? வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நோயாளி நம்மிடம் வருகிறார். உச்சத்திலிருந்த வலி பெரும்பாலும் தானாகவே தணியும். கனிவாகப் பேசி, மூட்டைத் தொட்டுப் பார்த்து, ஊசியும் போடுகிறோம். தணிந்த வலிக்கு ஊசி பேர் வாங்கிக்கொள்கிறது.

இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. ஸ்டீரொயிட்டை அடிக்கடி போட்டாலும் மூட்டுக்குக் கேடில்லை என்பவர்கள் 2003ஆம் ஆண்டின் 68 பேர் ஆய்வை மேற்கோள் காட்டுவார்கள். அது எக்ஸ்ரேயில் மூட்டின் இடைவெளியை அளந்த ஆய்வு. 2017இல் மக்அலிண்டன் குழுவினர் 140 பேரை எடுத்து, 12 வாரங்களுக்கு ஒருமுறை இரண்டாண்டு ஊசி போட்டு, எம்.ஆர்.ஐ.யில் பார்த்தார்கள். குருத்தெலும்பின் தேய்மானம் ஸ்டீரொயிட் பிரிவில் 0.21 மில்லிமீற்றர், சேலைன் பிரிவில் 0.10. வலியில் வேறுபாடு இல்லை. அடுத்த ஊசிக்குச் சற்று முன்புதான் வலியை அளந்தார்கள், இடைப்பட்ட நிம்மதி கணக்கில் வரவில்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த நிம்மதியை நானும் மறுக்கவில்லை. அதை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்பதே என் கேள்வி.

இதற்கு விடை 2020இல் வந்தது. அமெரிக்க இராணுவ வைத்தியசாலைகளில் 156 பேரில் பாதிப்பேருக்கு ஸ்டீரொயிட் ஊசி, மறுபாதிக்கு இயன்மருத்துவம். ஓராண்டின் முடிவில், வலியையும் அன்றாட இயக்கச் சிரமத்தையும் நோயாளியிடமே கேட்டு மதிப்பிடும் வோமாக் அளவுகோலில் ஊசிப் பிரிவு 55.8, இயன்மருத்துவப் பிரிவு 37.0. எண் குறையக் குறைய நலம்.

அந்த வோமாக்கையும் சற்று விசாரிக்க வேண்டும். குளியல் தொட்டியில் இறங்க முடிகிறதா, காரில் ஏற முடிகிறதா, காலுறை போட முடிகிறதா என்று அது கேட்கிறது. மாடிப்படி இறங்குவதையும் கேட்கிறது, அதற்கு நன்றி. குந்தி உட்காருவதைக் கேட்பதில்லை. கொழுந்துக் கூடையோடு ஈரமலையில் இறங்குவதைக் கேட்பதில்லை. இந்தத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கு ஊசி போட வரும் பெண் பஸ் காசோடு ஒரு நாள் பேரையும், அதாவது அன்றைய கூலியையும், இழக்கிறார். மூன்று மாதத்துக்கொரு முறை அவரை வரச்சொல்லும் நாம், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியை லயத்து வாசலிலேயே செய்யலாம் என்று எத்தனை பேருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறோம்?

வீங்கிச் சூடேறிய மூட்டுக்கு ஸ்டீரொயிட் போடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீரிழிவுக்காரரின் சர்க்கரையைக் கவனித்துப் போடுங்கள். ஆனால் ஊசி வாங்கித் தரும் சில வாரங்கள் பயிற்சிக்கான தவணை. அந்தத் தவணையை வீணாக்கினால் குருத்தெலும்பைச் செலவழித்ததுதான் மிச்சம். ஆகவே ஊசி எழுதும் துண்டிலேயே பயிற்சியும் எழுதப்பட வேண்டும். அதைத் தோட்ட மருந்தகத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் பழக்கப்பட வேண்டும். நம் ஆய்வுகள் மலை இறங்குவதை அளக்க வேண்டும். அதுவரை எந்த மருந்து சிறந்தது என்ற விவாதம் விற்பவர்களுக்கே பயன்படும்.

பிற்பகல் அமர்வில் என்னைத் தாராளமாக மறுக்கலாம். 1958ஆம் ஆண்டுக் கட்டுரையை வாசித்துவிட்டு மறுத்தால் மகிழ்வேன். ஆய்வரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.