வீட்டு விளையாட்டுப் பெட்டியும் குடும்பக் கணக்கும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்கு நன்கு பழக்கமானது. தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பெட்டி ஒன்று உண்டு. அதனைக் கன்சோல் என்கிறோம். சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் ஆகியவை அவ்வகையின. அதில் ஆடி வெல்லும் கலையை நான் உங்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பெட்டியினுள் நுழைவதற்கு ஒரு கணக்கு வேண்டும். அக்கணக்கில் கோளாறு நேரும்போது வீட்டில் ஒருவருக்கும் வழி தெரிவதில்லை. இளையவன் அழுகிறான், தாய் பெட்டியை எடுத்து அலமாரியில் வைக்கிறாள், தந்தை வாங்கிக் கொடுத்ததற்கே வருந்துகிறார். அக்கோளாறு எங்கே பிறக்கிறது, அதனை எவ்வாறு தீர்ப்பது என்பதைக் காண்போம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தையும் திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. அங்கே ஆலைகள் ஷிப்டு முறையில் இயங்குகின்றன. தந்தை இரவு வேலை முடிந்து காலையில் உறங்குகிறார். தாயும் பல வீடுகளில் வேலைக்குச் செல்கிறார். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும் வேளையில் வீட்டில் பெரியவர் இல்லாமலும் இருக்கலாம். இத்தகைய வீட்டில் புதிய பெட்டி வந்தால் அதனைத் திறந்து, இணையத்தோடு இணைத்து, கணக்குத் தொடங்குபவர் யார்? பெரும்பாலும் வீட்டின் மூத்த பிள்ளை, அதாவது நீங்கள்தாம். ஆகையால் இப்பேச்சைப் பெற்றோருக்கென்று வைக்காமல் உங்களுக்கென்று வைத்தேன்.

முதலில் குடும்பக் கணக்கு என்பது யாது? வயது வந்த ஒருவர் தம் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்குகிறார். அவரே குடும்பத்தின் பொறுப்பாளர். அவர் தம் கணக்கின் கீழ்ப் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கணக்குகளை ஏற்படுத்துகிறார். மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒரு குடும்பத்தில் ஆறு பேர் வரையிலும், நின்டெண்டோ எட்டுப் பேர் வரையிலும் இடம் தருகின்றன. பிள்ளை நாள்தோறும் எவ்வளவு நேரம் ஆடலாம், எவ்வயதினர்க்குரிய ஆட்டங்களை ஆடலாம், எவரோடு பேசலாம், எவ்வளவு பணம் செலவழிக்கலாம் என்பவற்றைப் பொறுப்பாளர் வரையறுக்கிறார். நம் குடும்ப அட்டையில் தலைவர் பெயரும் உறுப்பினர் பெயரும் இருப்பதைப் போன்ற ஏற்பாடே இது.

இக்கணக்குகளில் நேரும் தொல்லைகளுக்கு வேர் பெரும்பாலும் ஒன்றே. தொடக்கத்தில் எழுதிய பதிவு உண்மையாக இல்லை. அதிலும் முதன்மையானது பிறந்த நாள்.

பத்து வயதுச் சிறுவன் தானே கணக்குத் தொடங்க முயல்கிறான். உண்மையான பிறந்த நாளை எழுதினால், பெற்றோரை அழைத்து வா என்கிறது பெட்டி. தந்தையோ ஆலையில் இருக்கிறார். உடனே சிறுவன் 1990 என்று ஆண்டை மாற்றி எழுதுகிறான், கதவு திறந்துவிடுகிறது. அன்று முதல் பெட்டியின் பார்வையில் அவன் முப்பது வயதைக் கடந்தவன். கால வரம்பு இல்லை. செலவு வரம்பு இல்லை. முன்பின் அறியாதவர் எவரும் அவனுக்குச் செய்தி அனுப்பலாம். சில மாதங்கள் கழித்துத் தந்தை அக்கணக்கைத் தம் குடும்பத்தில் பிள்ளையாகச் சேர்க்க முயல்கிறார். அது முடிவதில்லை, ஏனெனில் பெட்டிக்கு அவன் பிள்ளையே அல்லன். பிழை பெட்டியிலா இருக்கிறது? முதல் வரியில் இருக்கிறது.

பிறந்த நாளின் வரலாறு பள்ளி ஆசிரியருக்குப் புதியதன்று. பிறப்புச் சான்று இல்லாத காலத்தில், வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது நிரம்பியது என்று கொண்டு குழந்தையைப் பள்ளியில் சேர்த்தனர். அன்று சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்பட்ட நாளே பின்பு சான்றிதழிலும், வேலையிலும், ஓய்விலும் அவனைத் தொடர்ந்தது. அதனைத் திருத்த விரும்பியவர்கள் அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்கினர். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த நாளை மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றே ஆதாரமாயிற்று. முதற்பதிவு எவ்வளவு வலியது என்பதை அரசே உணர்ந்து செய்த ஏற்பாடு அது. விளையாட்டுப் பெட்டியின் பதிவும் அத்தகையதே. எழுதுவது நொடிப்பொழுது, திருத்துவது நெடும்பாடு.

பெட்டி ஏன் வயதைக் கேட்கிறது? அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களை இணைய வழியில் திரட்டுமுன் பெற்றோரின் இசைவைப் பெற வேண்டும் என்றது. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ பதினெட்டு வயது நிரம்பாத அனைவரையும் பிள்ளைகள் என்றே கொள்கிறது. பெற்றோரின் இசைவு வேண்டும் என்பதோடு, பிள்ளைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணித்தலையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலையும் அது தடுக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன.

ஆகவே வயதைக் கேட்பது பிள்ளையைத் தடுப்பதற்கன்று, நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவதற்கு. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எக்ஸ்பாக்ஸ் கணக்குத் தொடங்கிய பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் இசைவு பெறுமுன்னரே திரட்டியது என்றும், பெற்றோர் பதிவை முடிக்காமல் விட்டபோதும் அவற்றை வைத்திருந்தது என்றும் மைக்ரோசாப்ட் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023 ஜூன் மாதத்தில் இரண்டு கோடி டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. நினைத்துப் பாருங்கள். பிள்ளை என்று உண்மையைப் பதிந்தவர்களுக்காகச் சட்டம் வழக்காடியது. 1990 என்று எழுதிய சிறுவனுக்காக எச்சட்டம் வழக்காடும்? பொய்யான ஆண்டை எழுதியபோது அவன் தாண்டியது வேலியை அன்று. தன் குடையைத் தானே மடக்கி வைத்துவிட்டான்.

இரண்டாவது கோளாறு பொறுப்பாளர் யார் என்பதில் பிறக்கிறது. தந்தைக்கு நேரமில்லை என்று, பத்தொன்பது வயது அண்ணன் தன் மின்னஞ்சலையும் தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்துத் தானே பொறுப்பாளனாகிறான். அடுத்த ஆண்டு கல்லூரி விடுதிக்குச் சென்றுவிடுகிறான். இங்கே தங்கை ஓர் ஆட்டத்திற்கு அனுமதி கேட்டால், அக்கேள்வி விடுதியில் இருக்கும் அண்ணனின் கைபேசிக்குப் போகிறது. அவன் வகுப்பில் இருக்கிறான். அல்லது எண்ணையே மாற்றிவிட்டான். நெடுநாள் பயன்படாத எண் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிடும் என்பதும் நீங்கள் அறிந்ததே. அப்போது கடவுச்சொல்லை மீட்கும் ஒரு முறைக் குறியீடு அயலார் ஒருவரின் கைக்குச் செல்லும்.

இதற்குத் தீர்வு எளிது. தாய் அல்லது தந்தையின் பெயரில், அவர் நாள்தோறும் பயன்படுத்தும் எண்ணைக் கொடுத்துக் கணக்கைத் தொடங்குங்கள். அவர் அருகில் அமர்ந்திருக்க, நீங்கள் எழுதுங்கள். மின்னஞ்சல் முகவரி, எண், கணக்கின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வீட்டு ஆவணங்களோடு வையுங்கள். எண்ணை மாற்றும்போது, பழைய எண் கையில் இருக்கும்போதே கணக்கிலும் மாற்றிவிடுங்கள். நீங்கள் எழுத்தர், பொறுப்பு பெற்றோருடையது. இவ்வேறுபாட்டை மறவாதீர்கள்.

மூன்றாவது, நாடு. வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மாமா ஒரு பெட்டியைக் கொண்டு வருகிறார். அந்நாட்டின் பெயரிலேயே கணக்கும் தொடங்கப்பட்டிருக்கிறது. பின்பு இங்குள்ள வங்கி அட்டையைச் செலுத்தினால் ஏற்பதில்லை. சோனி நிறுவனத்தின் கணக்கில் ஒருமுறை எழுதிய நாட்டை மாற்ற இயலாது. பெட்டி எந்நாட்டில் வாங்கப்பட்டதாயினும், கணக்கு நாம் வாழும் நாட்டின் பெயரில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, பூட்டுகள் இரண்டு என்பதை அறியாமை. தெருக்கதவுக்கு ஒரு பூட்டும் உள்ளறைக்கு ஒரு பூட்டும் இருப்பதைப் போல, பெட்டிக்கென்று சில கட்டுப்பாடுகளும், பிள்ளையின் கணக்குக்கென்று சில கட்டுப்பாடுகளும் உண்டு. ஒன்றைத் திறந்துவிட்டு, இன்னும் திறக்கவில்லையே என்று திகைப்பவர் பலர். மாறாக, பிள்ளையின் கணக்கைக் கருத்தாகப் பூட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தே வைப்பவரும் உண்டு. பிள்ளை புதிய பயனர் ஒன்றை உண்டாக்கிக்கொண்டு ஆடுகிறான். பிளேஸ்டேஷன் பெட்டியின் கட்டுப்பாட்டு மறை எண் முதலில் நான்கு சுழிகளாகவே இருக்கும். அதனை மாற்றாத வீடு, பூட்டிய கதவிலேயே சாவியைத் தொங்கவிட்ட வீடாகும்.

ஐந்தாவது, பிழை வீட்டிலேயே இல்லாமலும் இருக்கலாம். 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் இணையச் சேவைக்குள் கள்ளர் புகுந்ததால், ஏறத்தாழ 7 கோடியே 70 இலட்சம் கணக்குகளின் விவரங்கள் பாதிக்கப்பட்டன. சேவை மூன்று வாரங்களுக்கு மேல் நின்றது. 2025 பிப்ரவரியிலும் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அச்சேவை தடைப்பட்டது. அத்தகைய நேரத்தில் வீட்டில் இருப்பவர் கணக்கை அழித்தும் பெட்டியைத் துடைத்தும் பார்த்தால், இல்லாத நோய்க்கு மருந்துண்டு புதிய நோயை வருவித்துக்கொள்வார். ஆதலால் முதலில் திரையில் தோன்றும் செய்தியை எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, சேவை இயங்குகிறதா என்பதை நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். பின்பு பொறுப்பாளர், பிறந்த நாள், நாடு, வரம்புகள் என்னும் வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்ற முறை இதுவே அன்றோ?

இனிப் பணம். ஆட்டத்தினுள் விற்கப்படும் உடைகளும் கருவிகளும் சிறுவர் கண்ணுக்கு விளையாட்டுக் காசாகத் தோன்றும். கழிவதோ தந்தையின் கூலி. ஃபோர்ட்நைட் ஆட்டத்தை நடத்தும் எபிக் நிறுவனம், பயனர்களை வேண்டாத கொள்முதல்களில் சிக்கவைத்தது என்னும் வழக்கில் 24 கோடியே 50 இலட்சம் டாலரைத் திருப்பித் தர 2022 டிசம்பரில் உடன்பட்டது. அறிவுடைய பெரியவரும் சறுக்கும் வழி அது. நம் நாட்டில் இணையக் கட்டணத்திற்கு வங்கி அனுப்பும் ஒரு முறைக் குறியீடு ஒரு காவல். பிள்ளையின் கணக்கில் வைக்கும் செலவு வரம்பு மற்றொரு காவல். தந்தை உறங்கும்போது அவர் கைபேசியில் வரும் குறியீட்டைத் தம்பி பார்த்து எழுதினால், முதற்காவல் வீணாகும். வரம்பைச் சுழியில் வைத்து, வேண்டும்போது கேட்டு வாங்குவதே நன்று.

உதவி தேடும்போது எச்சரிக்கை வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண் என்று இணையத்தில் தேடினால் வஞ்சகரின் எண்களும் கலந்து வரும். நிறுவனத்தின் சொந்தத் தளத்தின் வழியே மட்டும் தொடர்பு கொள்ளுங்கள். கடவுச்சொல்லையோ குறியீட்டையோ எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் பறிபோயிற்றெனில் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழைக்கச் செய்யுங்கள். ஆட்டத்தினூடே பழகிய அயலார் எவரேனும் தம்பி தங்கையரை அச்சுறுத்தினால், அவர்களைக் கடியாமல் பெற்றோரிடம் அழைத்துச் செல்லுங்கள். குழந்தைகளுக்கான 1098 என்னும் உதவி எண்ணும் உண்டு.

கட்டுப்பாடு என்றவுடன் இளைஞர் முகம் சுளிப்பது இயல்பு. வரம்பு என்பது சிறைச்சுவரன்று. கன்றுக்குக் கட்டும் கயிறு வளர வளர நீட்டப்படுவதைப் போல, பிள்ளையின் வயதும் நடத்தையும் கண்டு ஆண்டுதோறும் தளர்த்தப்பட வேண்டியது அது. ஏன் இந்த வரம்பு என்று பிள்ளை கேட்கலாம். பெற்றோர் விடை சொல்லுதல் வேண்டும். பொய்யான பிறந்த நாள் இந்த உரையாடலையே இல்லாமற் செய்துவிடுகிறது. ஷிப்டு முடிந்து களைத்து வரும் தந்தைக்கு, தாம் வீட்டில் இல்லாத நேரத்திலும் தம் சொல் வீட்டில் இருக்கிறது என்ற நிம்மதியைத் தருவது உண்மையான பதிவே. தவறான ஆண்டோடு ஒரு கணக்கு உங்கள் வீட்டில் இப்போது இருக்குமாயின், தந்தைக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் அவரை அருகில் அமர்த்திக்கொண்டு புதிய கணக்கைத் தொடங்குங்கள். பழைய கணக்கில் வென்ற பதக்கங்கள் சில போகலாம். போனால் போகட்டும்; அவை மீண்டும் வெல்லக் கூடியவை.