ஷிப்ட் பஸ் புறப்படும் முன்



2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் சென்னைக்கு அப்பால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்தில், கடலிலேயே மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் அது கரையேறவே இல்லை. மறுநாள் ஆந்திராவில் பாபட்லாவுக்குத் தெற்கேதான் கரையைக் கடந்தது. ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை சென்னையைச் சுற்றியுள்ள ஐபோன் ஆலைகளில் உற்பத்தி நின்றது. இருங்காட்டுக்கோட்டைக் கார் ஆலையும் நின்றது. கடலைவிட்டு 40 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிற நம் சுங்குவார்சத்திரம் பக்கமெல்லாம் சாலை எது, பள்ளம் எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர்.

புயல் என்றால் மீனவர் குப்பம், படகு, கடல் சீற்றம் என்றே நமக்குப் பழகிப்போயிருக்கிறது. கடலோரத்தில் அந்தப் பழக்கம் உயிரைக் காக்கிறது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வேலை செய்கிற, குடியிருக்கிற நமக்கு, “எங்கே கரையைக் கடக்கும்?” என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு புயலுக்குத் தயாராக முடியாது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த ஒன்றிரண்டு நாளில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடற்கரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிற ஊர் அது. சாலையோரம் நிறுத்திவைத்திருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை எடுத்துக்கொண்டால், அன்றைக்குப் புயல் என்று பெயர் வைத்த ஒன்றே கிடையாது. வெறும் மழைதான். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட வேண்டிவந்தது.

நம் பகுதிக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத்துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் இருக்கின்றன. ஊராட்சிகளின் குளம், குட்டைகள் தனி. இந்த ஏரிகள் ஒன்றோடொன்று கால்வாய்களால் கோக்கப்பட்டவை. மேலே இருக்கிற ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடினால், அந்தத் தண்ணீர் கீழே இருக்கிற ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்கு. அந்த ஏரி 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு. அதுவும் நிரம்பினால் அடையாற்றுக்கு. தட்டையான நிலத்தில் மழைநீரைப் பிடித்துவைத்து நெல் விளைவிக்க நம் முன்னோர் செய்த ஏற்பாடு இது. இன்றைக்கு அந்த வயல்களில் பெரும்பகுதி ஆலைகளாகவும், மனைகளாகவும், லாரி நிறுத்துமிடங்களாகவும் இருக்கிறது. தண்ணீருக்கு அது தெரியாது. பழைய வழியில்தான் வரும்.

அதனால் இங்கே புயலுக்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி காற்றைப் பற்றியது இல்லை. நம் ஊர் ஏரி இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான். அக்டோபர் கடைசியில் வருகிற புயலை ஏரி வாங்கி வைத்துக்கொள்ளும். அதே அளவு மழை டிசம்பரில், ஏற்கெனவே கலங்கல் ஓடும்போது பெய்தால், ஒரு சொட்டைக்கூட வாங்க இடமிருக்காது. வாடகைக்கு அறை பார்க்கிறவர்கள் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “2015-இல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது?” அவருக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும்.

காற்றை ஒதுக்கிவிடவும் முடியாது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் நேராகக் கரையேறி, காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கமாக உள்ளே போனது. மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர் வேகம் என்று வானிலைத் துறை கணித்தது. மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அன்று பிற்பகலில் சென்னையில் காற்று சட்டென்று அடங்கியது. புயல் போய்விட்டது என்று நினைத்து ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். அது புயலின் கண் கடந்த நேரம். அதற்குப் பிறகு எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்ப அடித்தது. தகர ஷீட் கூரைக்குக் கீழே குடியிருக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. முதல் காற்றில் ஆணி தளர்ந்த ஷீட், இரண்டாவது காற்றில் பறக்கும். காற்று நின்றாலும், அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

புயல் வருகிறது என்றதும் எல்லோரும் ஒரே மாதிரியான அறிவுரையைத்தான் சொல்கிறோம். குடிநீர் பிடித்து வையுங்கள். டார்ச், மெழுகுவத்தி, பவர் பேங்க் தயாராக இருக்கட்டும். ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ்களை பிளாஸ்டிக் கவரில் கட்டி உயரத்தில் வையுங்கள். எல்லாமே சரியான அறிவுரைதான். ஆனால் சொந்தமாக ஒரு வீடும், சமையலறையும், பரணும் உள்ள குடும்பத்தை மனதில் வைத்துச் சொன்னது. ஒரே அறையில் ஆறேழு பேர் தங்கி, ஆளுக்கொரு பெட்டியும் பாயும் மட்டும் வைத்திருக்கிற பையன்களுக்கு உயரமான இடம் எது? விடுதியில் தங்கியிருக்கிற பெண்ணுக்குச் சமையலறை எங்கே இருக்கிறது?

மிக்ஜாமின்போது நான்கு மாவட்டங்களுக்கு அரசு பொது விடுமுறை அறிவித்தது. தனியார் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது பொருந்தும். குளிர்சாதனப் பெட்டிக்குக் கதவு மாட்டுகிறவர், போனுக்குத் திருகு போடுகிறவர், டயர் வார்க்கிறவர் வீட்டிலிருந்து எதைச் செய்வார்? அவருக்கு இரண்டே வழிதான். போக வேண்டும், அல்லது போகாமல் இருக்க வேண்டும். போகாமல் இருந்தால், ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது சம்பளம் இல்லாத நாளாகிவிடும் என்ற பயம். விடுமுறை விட்டாலும், பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்டச் சொல்வார்களோ என்ற சந்தேகம். அதனால் மழையில் நனைந்துகொண்டே பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார். பஸ் வருமா வராதா என்பது அவருக்கும் தெரியாது, சூப்பர்வைசருக்கும் தெரியாது.

இந்தத் தெரியாமையைப் போக்க முடியும். அதற்கு வேண்டிய நேரம் நம் கையில் இருக்கிறது. இந்திய வானிலைத் துறை புயல் எச்சரிக்கையைப் படிப்படியாகத் தருகிறது. மூன்று நாள் முன்பே முதல் தகவல், 48 மணி நேரத்துக்கு முன் உஷார் நிலை, 24 மணி நேரத்துக்கு முன் உறுதியான எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் உள்மாவட்டங்களுக்கும் சேர்த்துக் கணிப்பு. நள்ளிரவில் முடிவெடுத்து, விடிகாலையில் வாட்ஸ்அப்பில் போட வேண்டிய கட்டாயம் எந்த நிர்வாகத்துக்கும் இல்லை. இரவு பத்து மணி ஷிப்ட்டுக்கு வரவேண்டிய பெண் செய்யாறிலோ அரக்கோணத்திலோ இருந்தால், எட்டு மணிக்கு முன்பே பஸ் ஏறியாக வேண்டும். ஆகவே ஷிப்ட் உண்டா இல்லையா என்பது மாலை ஆறு மணிக்குள் அவர் கைக்கு வந்துசேர வேண்டும். சம்பளம் உண்டா என்பதும் அதே செய்தியில் இருக்க வேண்டும். சம்பளத்தைப் பற்றிச் சொல்லாத விடுமுறைச் செய்தி பாதிச் செய்திதான். ஆள் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கத்தான் செய்வார்.

இது பெரிய விஷயமா என்று தோன்றினால், வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2024 செப்டம்பர் 26 இரவு, அமெரிக்காவின் புளோரிடா கரையில் ஹெலீன் என்ற பெரும்புயல் கரையேறியது. நம் கடலில் சைக்ளோன் என்பதை அங்கே ஹரிக்கேன் என்கிறார்கள். அங்கிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, டென்னசி மாநில மலைகளுக்கு நடுவே எர்வின் என்ற சிறிய ஊர் இருக்கிறது. கடலே கிடையாது. மறுநாள் காலை அங்கே ஒரு பிளாஸ்டிக் ஆலைக்கு ஆட்கள் வழக்கம்போல வேலைக்கு வந்திருந்தார்கள். பக்கத்தில் ஓடுகிற நோலிசக்கி ஆறு கரைபுரண்டு வந்தது. வெளியே போகும் சாலை அடைபட்டது. சிலர் அங்கே நின்ற ஒரு லாரியின் மேல் ஏறி நின்றார்கள். வெள்ளம் அதையும் புரட்டியது. ஆறு பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நேரத்தோடு அனுப்பிவைத்தார்களா என்பதில் நிர்வாகம் சொல்வதும் குடும்பத்தார் சொல்வதும் வேறு வேறு. அந்த வழக்கைத் தீர்ப்பது நம் வேலை இல்லை. அன்றைக்குக் காலை அந்த ஷிப்ட் நடந்திருக்கவே வேண்டாம் என்பது மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை.

செய்தி போய்ச் சேராத இடத்தில் வதந்தி போய்ச் சேரும். 2021 டிசம்பரில், நம் பகுதியில் ஒரு பெண்கள் விடுதியில் சாப்பிட்டவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போய், நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். தோழிகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்ற உண்மைத் தகவல் நேரத்தில் கிடைக்கவில்லை. இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். புயல் நாளில், கரண்ட் போய், போன் அணைந்த விடுதியில் இப்படி ஒரு வதந்தி கிளம்பினால், அந்தப் பெண்கள் இருட்டில், தேங்கிய தண்ணீரில் இறங்கி நடப்பார்கள். ஒவ்வொரு மாடிக்கும் ஒருவர் பொறுப்பேற்று, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிலவரத்தைச் சொல்வதற்குச் செலவே இல்லை. தமிழில் மட்டும் சொன்னால் போதாது. இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் சொல்ல வேண்டும். அந்தந்த மாடியிலேயே அந்தந்த மொழிக்காரர் இருக்கிறாரே.

ஒடிசாக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரகடத்தில் நம்மோடு வேலை செய்கிற ஒடிசா இளைஞர்களை “ஊருக்குப் புதிது, ஒன்றும் தெரியாது” என்று ஒதுக்கி வைக்கிறோம். புயல் விஷயத்தில் நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். 1999 அக்டோபர் 29-ஆம் தேதி அவர்கள் மாநிலத்தில் பாராதீப் பக்கம் கரையேறிய சூப்பர் சைக்ளோனில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு அந்த மாநிலம் கிராமத்துக்குக் கிராமம் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, புயல் காப்பகங்கள் கட்டியது. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே இடம் மாற்றினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. அந்த ஊர்களில் வளர்ந்த பையன்கள் இங்கே லைன் வீடுகளில் இருக்கிறார்கள். எப்போது கிளம்ப வேண்டும், வயதானவரை எப்படித் தூக்கிப் போக வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஊராட்சியில் பேரிடர்க் குழு அமைக்கும்போது அவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

விடுதி நடத்துகிறவர்களுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் சில விஷயங்கள். கரண்ட் போனால் போர் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் நான்காவது மாடியில் குழாய் வராது. நூறு பேர் தங்கிய இடத்தில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்றால் அது ஒரே நாளில் நோயில் கொண்டுபோய் விடும். மேல்தொட்டியை முதல் நாளே நிரப்பி, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வையுங்கள். பல விடுதிகளுக்குச் சாப்பாடு வெளியே ஒரு பொதுச் சமையலறையிலிருந்து வண்டியில் வருகிறது. வாலாஜாபாத் சாலையிலோ மப்பேடு சாலையிலோ தண்ணீர் ஏறினால் அந்த வண்டி வராது. அவல், ரொட்டி, வாழைப்பழம், பால் பவுடர், குடிநீர் கேன் என்று இரண்டு நாளைக்கு விடுதியிலேயே இருக்க வேண்டும். வல்லம் வடகாலில் 2024-இல் திறந்த 18,720 பேருக்கான பெண் தொழிலாளர் குடியிருப்பைப் போன்ற பெரிய வளாகங்களில் இதற்கெல்லாம் இடமும் ஆளும் இருக்கும். எனக்குக் கவலை, கல்யாண மண்டபத்தையும் பழைய கடைக்கட்டடத்தையும் விடுதியாக மாற்றிய இடங்களைப் பற்றித்தான். தரைத்தளத்தில் மீட்டர் பெட்டியும் சுவிட்ச் போர்டும் தாழ்வாக இருக்கிற கட்டடத்தில், தண்ணீர் வாசற்படியைத் தொடுவதற்குள் மெயினை அணைக்க ஒருவர் பெயர் குறித்து வையுங்கள்.

தொழிலாளத் தோழர்களே, புயல் சின்னம் என்று செய்தியில் கேட்டதுமே, அன்றைக்கே வார்டனிடமும் கான்ட்ராக்டரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். ஷிப்ட் உண்டா என்பதை யார், எத்தனை மணிக்குச் சொல்வார்கள்? சம்பளம் உண்டா? பஸ் வழியில் மாட்டிக்கொண்டால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும்? தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள். ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்கு விடுதியின் தொலைபேசி எண்ணை முன்பே கொடுத்து வையுங்கள்.

எண்களைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070. மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை 1077. மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987. இன்னொரு முறை, 94987 94987. போனில் சார்ஜ் குறைவாக இருக்கும் என்பதால் ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.