அழித்தெழுதிய எழுத்து



முற்காலத்துத் திண்ணைப் பள்ளிச் சிறுவன் மணலில் விரலால் எழுதுவான். உள்ளங்கையால் துடைத்து மீண்டும் எழுதுவான். ஓலையோ அத்தகையதன்று. எழுத்தாணி கீறிய வடுவாதலின் அதனைத் துடைத்தல் இயலாது. மை மங்கியவிடத்துக் கரியும் எண்ணெயும் தடவினால் எழுத்து மறுபடியும் துலங்கும்.

மேனாட்டார் பதப்படுத்திய தோலில் எழுதினர். தோல் விலை மிக்கது. ஆகவே பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேல் வேறு நூல் எழுதினர். ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்கக் கணித அறிஞரின் நூலேடு 1229இல் இங்ஙனம் சுரண்டப்பட்டுப் பிரார்த்தனைப் புத்தகமாயிற்று. அடியிற் கிடந்த கணிதத்தை 1906இல் ஹைபர்க் என்பார் கண்டறிந்தார்.

நம் நாட்டில் கல்லும் அவ்வாறே பட்டதுண்டு. திருமயத்துச் சிவன் குடைவரையில் பழைய இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அதனைச் செதுக்கிவிட்டு, அவ்வூர்ச் சிவன் கோயிலாருக்கும் பெருமாள் கோயிலாருக்கும் நேர்ந்த வழக்கின் தீர்ப்பை அவ்விடத்தே பொறித்தனர். அரியும் அரனும் ஓருருவாய் நிற்கும் சங்கரன்கோவிலில் இருந்து இதனைச் சொல்ல நேர்ந்தது வியப்பே! வழக்குத் தீர்ந்தது, இசை போயிற்று. ‘பரிவாதினி’ என்னும் யாழின் பெயர் முதலிய சில துணுக்குகளே எஞ்சின. அதற்கு இனமான குடுமியான்மலைக் கல்வெட்டுப் பிழைத்திருத்தலாலன்றோ இழந்தது இன்னதென ஒருவாறு உணர்கின்றோம்!

இதற்கு மாறாகத் திருமழபாடியைப் பாருங்கள். முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயில் விமானத்தைப் புதுக்கப் பணித்தபொழுது, பிரிப்பதற்கு முன்னர்ச் சுவரிலுள்ள சாசனங்களையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். அவன் மகன் இராசேந்திரனது 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதுச்சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னே இத்துணைக் கருத்து இருந்தது.

இன்று நாம் செய்வது யாது? கும்பாபிஷேகம் என்றவுடன் சுவரெங்கும் சுண்ணாம்பு பூசுகின்றோம். சிலவிடத்து மணலை வீசியடிக்கும் இயந்திரத்தால் கல்லைத் தேய்த்ததும் உண்டு. சுண்ணாம்பையாவது பிற்காலத்தார் கழுவி எடுக்கலாம். மணல் தின்ற எழுத்தை எவர் மீட்பார்? உபயகாரர் பெயரைப் புதுப் பளிங்கில் பொன்னெழுத்தாக்கும் ஆர்வத்தில் ஒரு பங்கேனும் பழங்கல்லின்மேல் செல்லலாகாதா?

நம் குடும்பங்கள் பொறுப்பேற்ற கோயில்களில் எழுத்துள்ள கல் எதுவாயினும், நனைந்த தாளை அதன்மேல் ஒற்றித் தூரிகையால் தட்டி, மை தடவிப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அறிந்தோரைக்கொண்டு ஒரு நாளில் முடிக்கலாம். திருப்பணிக் குழுவினர் சுண்ணாம்புக்கு ஆளனுப்புவதற்கு முன்னரே அவர்களுக்கு ஆளனுப்புவார்களாக.