வீடும் விடுதலும்



குடமுழுக்கு நன்னீர் தலையில் தெளிக்கப்பெற்றதும் அடியார் ஒருவரையொருவர் கேட்பது, "வீட்டுக்கு எப்பொழுது?" என்பதாகும். திருமுன் நின்று உயிரின் முடிந்த பேறாகிய வீட்டை வேண்டிய அதே நா, மறுநொடியில் தான் குடியிருக்கும் இல்லத்தையும் வீடு என்றே சொல்லுகிறது. வடமொழியில் மோட்சம் வேறு, கிருகம் வேறு. தமிழ் இரண்டுக்கும் ஒரு சொல்லை வைத்தது. சொற்பஞ்சத்தால் நேர்ந்தது அன்று இது.

விடு என்னும் வினைப்பகுதி முதல் நீண்டு வீடு என்று பெயராயிற்று; சுடு என்பது சூடு ஆயினாற்போலவும், கெடு என்பது கேடு ஆயினாற்போலவும் என்க. இலக்கண நூலார் இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். பெறு என்பது பேறு ஆனதும் அவ்வாறே. எனவே வீடுபேறு என்னும் தொடருக்குள் இரண்டு செயல்கள் அடங்கியுள்ளன. ஒன்று விடுதல், மற்றொன்று பெறுதல். சைவ சித்தாந்தம் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்து ஓதும். ஆணவம், கன்மம், மாயை என்னும் கட்டுகள் நீங்குதல் பாசவீடு. உயிர் இறைவன் திருவடியிற் கலத்தல் சிவப்பேறு. எல்லாம் போனபின் எஞ்சும் வெறுமையை அந்நெறி வீடு என்று கொள்ளுவதில்லை.

குடியிருக்கும் மனைக்கும் அப்பெயர் பொருந்துமாறு எங்ஙனம்? பகலெல்லாம் சுமந்ததை இறக்கிவிட்டுத் தங்கும் இடம் ஆதலின் அது வீடு. படை தங்கும் இடத்தைப் பாடிவீடு என்றனர் முன்னோர். வழிப்போக்கர் தங்குமிடம் விடுதி. முருகன் திருத்தலங்கள் ஆறினையும் படைவீடு என்றே அடியார் போற்றுகின்றனர்.

அனுப்பர்பாளையத்தார்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவிநாசி செல்லும் சாலையில், பித்தளை, செம்பு, எவர்சில்வர்ப் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. தகட்டை அடித்து அடித்துத் தோள் சோர்ந்தவர் மாலையில், "பட்டறை விட்டாச்சு" என்கிறார். பனியன் கம்பெனியிலிருந்து வருவோர், "ஷிப்டு விட்டது" என்கின்றனர். "பள்ளிக்கூடம் விட்டது" என்று குழந்தை துள்ளி வருகிறது. மூவரும் போவது வீட்டுக்கே! ஆனால், "வேலை விட்டது" என்றால் மகிழ்கின்ற அதே குடும்பம், "வேலையை விட்டான்" என்றால் அடுப்பை எண்ணிக் கலங்குகிறது. ஓர் ஐகார உருபு செய்யும் வேலை அது. விடுதல் எல்லாம் விடுதலை ஆகா.

விடாமையே விடுதலைக்கு வழியாவதும் உண்டு. 1932 ஜனவரியில் திருப்பூர் வீதியில் தடியடிபட்டு வீழ்ந்த குமரன் கைக்கொடியை விடவில்லை; உயிரை விட்டார். நாட்டுக்கு விடுதலை 1947இல் வந்தது.

அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றுக்கும் பால் வகுத்த திருவள்ளுவர் வீட்டுக்குத் தனியே ஒரு பால் வகுக்கவில்லை. அது நினைவுக்கும் மொழிக்கும் எட்டாத நிலை ஆதலின், துறவறமாகிய காரணத்தின் வாயிலாக உணர்த்தப்படுவதல்லது நேரே இலக்கணம் கூறப்படாது என்பது பரிமேலழகர் கருத்து. நேரே சொல்ல இயலாத அப்பொருளின் நிழல் நாள்தோறும் வழங்கும் சிறுசொற்களில் விழுந்து கிடப்பது வியப்புக்குரியது.

திருப்பணிக்கு வாரி வழங்கிய செல்வர்கள் சிறப்பாகச் செவிகொள்ளத்தக்க சொல் ஒன்று உளது. "கொடுத்தான்" என்பதும் "கொடுத்துவிட்டான்" என்பதும் ஒன்றல்ல. முன்னதில் கை நீண்டது மட்டும் தெரிகிறது. பின்னதில் கை மீண்டும் வெறுங்கையாயிற்று என்பது தெரிகிறது. விடு என்னும் துணைவினை சேர்ந்தபோதுதான் கொடை நிறைவெய்துகிறது. கோயிலுக்கு இறையிலியாக நிலம் விட்டதைக் கல்வெட்டுகள் கூறும். வேள்வித் தீயில் அவி சொரிவோர் "இது எனதன்று" என்னும் பொருள்பட மந்திரம் ஓதுவர். கோயிலுக்கு நேர்ந்து விட்ட காளை எவர் காட்டில் மேய்ந்தாலும், பழைய உடையவன் கயிறு எடுத்துக்கொண்டு பின்னே ஓடுவதில்லை. ஓடினால் ஊர் சிரிக்கும்.

குத்துவிளக்கிலும் அண்டாவிலும் "உபயம்" என்று பெயர் வெட்டுவது நல்ல வழக்கமே. பொருள் இடம் மாறாமல் அது காக்கும். பின்வருவோர்க்கும் ஊக்கம் தரும். எனினும், பெயர் பொறித்த அண்டாவைச் சுட்டி அன்னதானத்தில் முதற்பந்தி தமக்கு உரியது என்று எண்ணுவோர், அதனைக் கொடுத்தாரேயன்றிக் கொடுத்துவிடவில்லை. பரிவட்டம் முதலில் யாருக்கு என்னும் பூசலால் திருப்பணி நின்று, இறைவன் ஆண்டுக்கணக்கில் பாலாலயத்தில் காத்திருக்கும் ஊர்களும் உண்டு. அவ்வூர்களில் பொன்னும் பொருளும் குறைவில்லை. வராதது அந்தத் துணைவினை ஒன்றே. அண்டாவை அடித்து உருவாக்கிய தொழிலாளியின் பெயரோ அதில் எங்கும் இல்லை. கூலி பெற்றான், பாத்திரத்தை அனுப்பிவிட்டான், மறுநாள் அடுத்த தகட்டை எடுத்தான்.

இச்சாலையின் வழியே சென்றால் அடையும் அவிநாசியில், விடுதலின் அருமையை உணர்த்தும் வரலாறு ஒன்று நிகழ்ந்தது. திருப்புக்கொளியூர் என்னும் அத்தலத்துக்குச் சுந்தரர் எழுந்தருளியபோது, எதிரெதிரே இருந்த இரண்டு வீடுகளுள் ஒன்றில் மங்கல ஒலியும் மற்றொன்றில் அழுகை ஒலியும் எழுந்தன. ஐந்து வயதுச் சிறுவர் இருவர் முன்பு நீராடச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கியது. பிழைத்தவனுக்கு அன்று பூணூல் விழா. இழந்த மகனை எண்ணி எதிர்வீட்டார் அழுதனர். சேக்கிழார் இதனை வெள்ளானைச் சருக்கத்தில் அமைத்துள்ளார்.

சுந்தரர் வந்துள்ளார் என்று கேட்டதும் அழுதுகொண்டிருந்த தாயும் தந்தையும் முகமலர்ச்சியோடு ஓடிவந்து வணங்கினர். மைந்தனை இழந்தவர் நீங்களோ என்று அவர் வினவியபோது, அது முன்னே நடந்து போனது, தங்களைக் கண்டு வணங்கவேண்டும் என்ற நெடுநாள் அன்பு வீண்போகவில்லை என்னும் கருத்துப்பட மறுமொழி கூறினர். முதலை விழுங்கிய நிகழ்ச்சியைப் பலரும் பேசுவர். இம்மறுமொழியைப் பேசுவோர் சிலரே. அப்பெற்றோர் தம் துயரை முதலில் விட்டனர். அதன் பிறகே முதலை விட்டது. சுந்தரர் அந்நீர்நிலையின் கரையில் நின்று பதிகம் பாட, கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு பிள்ளை கரையேறினான்.

விடுபட்ட பிள்ளை விண்ணுலகம் புகவில்லை; தாயின் கைக்கு வந்தான். அவிநாசியப்பரை வணங்கியபின் அவனைச் சுந்தரர் வீட்டுக்கு அழைத்துச் சென்று, முரசு ஒலிக்கப் பூணூல் அணிவித்தார். பின்னர்ச் சேரமான் பெருமாளைக் காண மலைநாடு நோக்கி நடந்தார். வெள்ளை யானை அவருக்காக வந்தது அங்கேதான்.