மனத்தை அளக்க யாருக்கு உரிமை?



நம் பெங்களூரில் பிறந்த செயலி ஒன்று உண்டு, 'வைசா'. ஜோ அகர்வாலும் ராமகாந்த் வெம்பட்டியும் தொடங்கியது. பென்குயின் உருவத்தில் வந்து நலம் விசாரிக்கும்; உண்மைப் பெயர் சொல்லத் தேவையில்லை. வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை எத்தனையோ பேர் அதனிடம் எழுதுகிறார்கள். இது புதிதும் அல்ல. 1966-இல் எம்.ஐ.டி.யின் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பித் தரும், அவ்வளவுதான். அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு பேச உட்கார்ந்ததும், அவரைச் சற்று வெளியே போகச் சொன்னாராம்!

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நெஞ்சில் பாரம் உள்ளவர் தாமே தேடிப்போய் இறக்கிவைக்கிறார். வேண்டாம் என்றால் மூடிவிடலாம்.

ஆனால் அதே இயந்திரம் கால் சென்டரில் வேலை பார்க்கும் பெண்ணின் காதுக்குள் உட்கார்ந்தால்? அமெரிக்காவில் 'காஜிட்டோ' என்ற மென்பொருள் வந்தது. குரலில் சோர்வு தெரிந்தால் திரையில் காப்பிக் கோப்பை தோன்றும். பரிவு குறைந்தால் இதயப் படம் தோன்றும். அங்கே மூடும் பொத்தான் அவள் கையில் இல்லை. அந்த அளவு மேலாளரிடம் போகிறது என்று தெரிந்தால், அவள் எப்படிப் பேசுவாள்? மனத்தை ஒளித்து, குரலுக்கு மட்டும் சிரிக்கக் கற்றுக்கொள்வாள்.

சரி, அந்த அளவாவது மெய்யா? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை ஒன்றுக்கே நான்கு காரணம் வகுக்கிறார்: பிறர் இகழ்ந்ததால் வரும் இளிவு, இழந்ததால் வரும் இழவு, நிலை தளர்ந்த அசைவு, வறுமை. கண்ணீரைக் கேமரா காணும். நான்கில் எது என்று அதற்கு யார் சொல்வது? 2022-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே, முகத்தைப் பார்த்து உணர்ச்சி சொல்லும் வசதியைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக்கொண்டது.

இதற்கெல்லாம் மூத்தது பொய்யறியும் கருவி. நாடி, மூச்சு, வியர்வை மூன்றையும் வைத்து உள்ளத்தைப் படிக்க முயன்றது. நம் மாநிலத்திலிருந்து போன 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில், 2010 மே 5 அன்று, தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தெளிவாகத் தீர்ப்பளித்தது: குற்ற விசாரணையானாலும் வேறெதுவானாலும், ஒருவரைக் கட்டாயப்படுத்தி இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்தக் கூடாது.

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்தக் காப்பு உண்டு. ஒரு குற்றமும் செய்யாமல், ஹெட்செட் மாட்டி எட்டு மணி நேரம் உழைக்கும் நம் பெண்ணுக்கு அது வேண்டாமா? ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் பணியிடத்திலும் பள்ளியிலும் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளைத் தடைசெய்திருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டுமே விலக்கு. இங்கும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், தங்கைகளே. உங்கள் குரலும் முகமும் இப்படி அளக்கப்படுகின்றனவா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் வேலைக்கோ சம்பளத்துக்கோ பாதகம் வராது என்று எழுதி வாங்குங்கள். தனியாகக் கேட்கப் பயமென்றால் கூட்டமாகக் கேளுங்கள். தமிழர், கன்னடர் என்று பாராமல் அந்த மனுவில் நாங்களும் கையெழுத்திடுகிறோம்.