சாக்பீஸ் தேடற ஆட்டம்

வாரநாள்ல கோடிங், ஞாயித்துக்கிழமை சண்டே ஸ்கூல் டீச்சர். எங்க பசங்கள்ல பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. 1774ல பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரோட கீர்த்தனையை ப்ரொஜெக்டர்ல போட்டா, சும்மா வாயசைப்பாங்க.

அதனால திரையை அணைச்சுட்டேன். ஒருத்தரை வெளிய அனுப்பிட்டு சாக்பீஸை ஒளிச்சு வைப்போம். அவங்க தேடும்போது, கிட்ட போனா சத்தமா, விலகினா மெதுவா, மத்தவங்க பல்லவியைப் பாடணும். ஒவ்வொரு சரணத்துக்கும் அப்புறம் பல்லவிதானே திரும்ப வரும்? அது பதிஞ்சா பாதிப் பாட்டு வந்த மாதிரி. 'இன்னொரு தடவை'ன்னு நான் கெஞ்சவே வேணாம்.

தேடறவங்க பாட வேண்டியதில்ல. வாயே திறக்காத ஒரு பொண்ணு மூணு வாரமா தேட மட்டும்தான் வந்தா. நாலாவது வாரம் ஒரு பையன் சாக்பீஸ் பக்கத்துலயே நின்னுட்டு வேற எங்கயோ பார்த்தான். பொறுக்க முடியாம அவ கத்திப் பாடினா. ரெண்டு வார்த்தை தப்பு. நான் திருத்தல.