வலிப்பின் வகைகளும் நம் கடமையும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வலிப்பு என்றவுடன், தரையில் வீழ்ந்து கைகால் உதறி நுரை தள்ளுதலையே நாம் நினைக்கின்றோம். அஃது ஒருவகையே. மூளையின் நரம்பணுக்கள் பல ஒருங்கே வரம்பு கடந்து கிளர்ந்தெழுதலே வலிப்பாம். அக்கிளர்ச்சி மூளையின் ஓரிடத்தில் தோன்றின் பகுதி வலிப்பு. தொடக்கத்திலேயே இருபுறமும் பற்றின் பொது வலிப்பு. முன்னதில் ஒரு கை மாத்திரம் துடிக்கலாம். நினைவு மயங்கி, வெறுவாய் மென்று நிற்றலும் உண்டு. பின்னதில், வீழ்ந்து விறைத்துத் துடிப்பது ஒன்று. சிறார்க்கு வரும் வெறித்த பார்வை மற்றொன்று.

இவ்வெறித்த பார்வையை அறியாது யாம் பிழை செய்ததுண்டு. எம் வகுப்பில் ஒரு சிறுவன் செய்யுள் ஒப்பிக்கையில் இடையே நின்று, சில விநாடி வெறித்து நோக்கி, ஒன்றும் நிகழாததுபோல் தொடர்வான். கவனமின்மை என்று பலகால் கடிந்தோம். மருத்துவர் மூளையின் மின்னோட்டத்தைக் கருவியாற் பதிந்து பார்த்து, வலிப்பென்று கூறிய பின்னரே எம் பிழை விளங்கிற்று.

வகையறிந்தே மருந்து தரல் வேண்டும். பகுதி வலிப்புக்கு உதவும் கார்பமாசிபின், இவ்வெறித்த பார்வை வலிப்பை மிகுவிக்கவும் கூடும். ஆதலின், எவ்வாறு தொடங்கிற்று, எத்துணை நேரம் நின்றது என்பவற்றைக் கண்டவர் கண்டவாறே மருத்துவர்க்கு உரைத்தல் வேண்டும்.

வீழ்ந்தவர் கையில் இரும்பு கொடுத்தலும், வாயில் கரண்டி செருகுதலும், கைகாலை அமுக்குதலும் தகா. தலைக்கீழ்த் துணி மடித்து வைத்து, துடிப்பு ஓய்ந்ததும் ஒருக்களித்துக் கிடத்துக. 5 நிமிடம் கடந்தும் ஓயாதெனின், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

இறுதியாக ஒன்று. பெண்ணுக்கு மணம் பேசுங்கால் நோயை மறைத்தலும், புகுந்த வீட்டார் அறியாவண்ணம் மருந்தை நிறுத்துதலும் நம்மிடையே உள்ளன. மருந்தைத் திடீரென நிறுத்தின், ஓயாத வலிப்பெழுந்து உயிர்க்கே கேடாகலாம். வால்புரோயேட்டு என்னும் மருந்து கருவிற்குத் தீங்கு செய்யவல்லதாதலின், மகப்பேற்றை விரும்பும் பெண் முன்னரே மருத்துவரைக் கலந்து கொள்ளல் வேண்டும், தானே நிறுத்தலாகாது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாய் நின்றது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிற்று. தக்க மருத்துவம் பெறின், நூற்றுவருள் எழுபதின்மர் வரை வலிப்பின்றி வாழக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆதலின், பெண் வீட்டார் உள்ளதை ஒளியாதுரைக்கவும், கேட்டவர் அதன்பொருட்டு எழுந்து போகாதிருக்கவும், சங்கத்துப் பெரியோர் முன்னின்று வழிகாட்டுமாறு வேண்டி அமைகின்றோம்.